நாலில்லாத நாலாம் மாதம்

7

காலை எட்டு மணிக்கே எங்கள் அலுவலகத்தில் ஊதுபத்தி மணம் மூக்கைத் துளைத்தது. பக்தி ஒன்றும் பொங்கி வழியவில்லை. மேஜை மீது வரிசையாக இருபத்தைந்து மணல் கிண்ணங்கள், கிண்ணத்துக்கு ஒரு பத்தி, என் கையில் ஸ்டாப்வாட்ச். மேல்மாடிப் பல் டாக்டர் இரண்டு தடவை இறங்கி வந்து, யார் செத்துப் போனது என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார்.

ஒன்பது அடிப்பதற்குள் கடைசிப் பத்தியும் அணைந்தது.

"ஒண்ணாவது அறுபது நிமிஷத்தைத் தொட்டுதா?" என்றார் யென் அக்கா.

"ஒண்ணு ரொம்ப முயற்சி பண்ணுச்சுக்கா. கடைசியில மனசு மாறிடுச்சு."

யென் மே-லான், என் முதலாளி. சோயா சாஸ் ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் இருபது வருடம் இருந்துவிட்டு, பாட்டில்களைவிட மனிதர்கள்தான் அதிகம் கலப்படம் என்று கண்டுபிடித்துத் துப்பறிய வந்தவர். ஜியாயி நகரத்தில் அவருக்கு 'சராசரி யென்' என்று பெயர். நான் கோ ஆ-தீ. லாட்டரிச் சீட்டு விற்றுக்கொண்டிருந்தவன். இப்போது அவருக்கு உதவியாளன்.

"இருபத்தஞ்சு பத்தியைக் கொளுத்திட்டு, கிடங்கு நிறைய இருக்கற பத்தியைப் பத்தி எப்படிக்கா தீர்ப்பு சொல்ல முடியும்?"

"முதல்ல கம்பெனிக்காரன் சொல்றது சத்தியம்னு நம்பு. பெட்டியில என்ன போட்டிருக்கு?"

"'சராசரி அறுபது நிமிடம் எரியும்.'"

"நம்பியாச்சா? அது சத்தியமா இருந்தா, கண்ணை மூடிட்டு எடுத்த இருபத்தஞ்சும் இவ்வளவு சீக்கிரம் அணையணும்னா எவ்வளவு அதிர்ஷ்டம் வேணும்?"

"கோடியில ஒண்ணு."

"அவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் உன் கையில இருந்தா நீ எங்கிட்ட வேலைக்கு வந்திருப்பியா?"

வந்திருக்க மாட்டேன். ஆகவே பெட்டி சொல்வது பொய். அறுபது என்ற கட்சி தோற்றது.

ஆனால் எங்களிடம் வந்த வழக்கு அது இல்லை. போன வாரம் ஒரு சிறு கோயில் திருவிழாவில், மந்திரம் முடிவதற்குள் சாமி முன்னால் இருந்த பத்திகள் எல்லாம் அணைந்துவிட்டன. எங்கள் பக்கத்தில் அது லேசான விஷயம் இல்லை. கோயில் கமிட்டி நேராகப் பத்தி ஆலைக்குப் போய்க் குதித்தது. ஆலை முதலாளி ஸாய் போ-ஹாவ் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. பத்தியைச் சோதித்துக் கணக்கு எழுதும் ஹுவெய்-ரூ என்ற பெண்ணைக் கைகாட்டிவிட்டார்.

அவள் வேலை இது: தினம் எட்டுப் பத்தி கொளுத்தி, எத்தனை நிமிடம், எத்தனை விநாடி என்று கணினியில் ஏற்ற வேண்டும். மாதக் கடைசியில் அச்சடித்துத் தன் முத்திரையைக் குத்த வேண்டும். ஏப்ரல் மாதப் பதிவேட்டில் இருநூற்று நாற்பது அளவுகள். சராசரி அறுபது நிமிடம் பத்து விநாடி. பிரமாதமான பத்தி! கோயிலில் மட்டும்தான் எரியவில்லை.

"பத்தியையே கொளுத்தாம, உட்கார்ந்து கற்பனையா எழுதிட்டா," என்பது முதலாளியின் குற்றச்சாட்டு. அதை வெளியாள் ஒருவர் காகிதத்தில் எழுதித் தரவேண்டும் என்று கமிட்டி கேட்டதால் எங்களை அமர்த்தியிருந்தார். இன்று மாலை ஐந்து மணிக்கு ஹுவெய்-ரூ சாமி முன்னால் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டு, வேலையையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பதினேழு வருட வேலை. அப்படி ஒரு பெயர் எடுத்தவளை இந்த ஊரில் வேறு எந்தப் பத்தி ஆலையும் வாசலில்கூட நிற்கவிடாது.

"பதிவேடு கற்பனைதான். அதுல சந்தேகமே இல்ல," என்றார் அக்கா. "யாரோட கற்பனைங்கறதுதான் கேள்வி. நேத்து உன்னைக் கடைசி இலக்கத்தைக் கூட்டச் சொன்னேனே?"

இரவெல்லாம் அதைத்தான் செய்திருந்தேன். ஐம்பத்தொன்பது நிமிடம் முப்பத்தெட்டு விநாடி என்றால் எட்டு. அறுபது நிமிடம் பதினாறு விநாடி என்றால் ஆறு. இப்படி இருநூற்று நாற்பது.

"சராசரி அஞ்சு புள்ளி ஆறு. எதுக்குக்கா இது?"

"நிமிஷம் பத்தியோட குணம். விநாடியோட கடைசி இலக்கம் யாரோட குணமும் இல்ல. நிஜமா எரிஞ்ச பத்தின்னா பூஜ்யத்துல இருந்து ஒன்பது வரைக்கும் எல்லாம் சமமா வரும். சராசரி நாலரை. இருநூத்து நாற்பது அளவுல அதிர்ஷ்டம் இழுத்தாலும் நாலு புள்ளி ஒண்ணுல இருந்து நாலு புள்ளி ஒன்பதுக்குள்ளதான் பெரும்பாலும் நிக்கும். அஞ்சு புள்ளி ஆறுக்குப் போகணும்னா ஒரு ஆள் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கணும். சரி, எட்டு எத்தனை?"

"ஐம்பத்தொண்ணு. பக்கத்துக்குப் பக்கம் எட்டுதான். காசு கொட்டற எண்ணாச்சே, விடுவாங்களா?"

"நாலு?"

நான் எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறையும் எண்ணினேன்.

"ஒண்ணுகூட இல்லக்கா."

சுமார் இருபத்துநாலு இருந்திருக்க வேண்டும். 'நாலு'ம் 'சாவு'ம் எங்கள் வாயில் ஏறக்குறைய ஒரே ஓசை. எங்கள் கட்டடத்து லிஃப்ட் மூன்றிலிருந்து ஐந்துக்குத் தாவும். ஐந்தாம் மாடியில் இருக்கிற நாங்கள், உண்மையில் எந்த மாடியில் இருக்கிறோம் என்பதைப் பற்றிப் பேசுவதில்லை. பொய்க் கணக்கு எழுதிய ஆசாமி, அந்தப் பொய்யிலும் சாவை எழுதக் கை கூசியிருக்கிறான். எழுதியதோ நாலாம் மாதக் கணக்கு!

"அப்ப நாலுக்குப் பயப்படற ஆளைப் பிடிச்சா முடிஞ்சுது!"

"எங்க அடைப்ப? இந்த ஊர்ல பாதிப் பேரைப் பிடிக்கணும். உன்னையும் சேர்த்து." அக்கா பதிவேட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "நாலைப் பத்தி அங்க வாயே திறக்காத. எட்டைப் பத்தியும்தான். வண்டியை எடு."

ஆலை முற்றத்தில் சிவப்புக் குச்சிப் பத்திக் கட்டுகள் வெயிலில் விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. முதலாளி ஸாய் எங்களை உட்காரவைத்து டீ ஊற்றினார். வட்டமான முகம், வட்டமான புன்னகை. சட்டைப் பையில் தங்க நிறப் பேனா.

"மேடம், நீங்க சிரமப்படவே வேண்டாம். சாமியே சொல்லிட்டாரு. நேத்து நானே பிறைக் கட்டை போட்டுக் கேட்டேன். 'ஹுவெய்-ரூதானா?'ன்னு. மூணு தடவையும் 'ஆமாம்'னு விழுந்துச்சு."

பிறை வடிவக் கட்டை இரண்டைத் தரையில் போடும்போது ஒன்று கவிழ்ந்து, ஒன்று நிமிர்ந்தால் சாமி சம்மதித்ததாக அர்த்தம். தொடர்ந்து மூன்று முறை விழுந்தால்தான் செல்லும்.

"சாமி கெட்டிக்காரர். ஒரு தடவை விழுந்தா அவரே நம்ப மாட்டாரு," என்றார் அக்கா. "ஆனா மூணும் சும்மா விழறதுக்குக்கூட எட்டுல ஒரு வாய்ப்பு இருக்கு முதலாளி. எத்தனாவது சுற்றுல விழுந்துச்சு?"

முதலாளி டீயைப் பார்த்தார்.

"ஏழாவதுல."

"முதல் ஆறு சுற்றுல சாமி என்ன சொன்னாரு?"

"அப்ப அவருக்குச் சரியாக் காது கேட்கலை போல," என்றேன் நான். அக்கா என் காலை மிதித்தார்.

"சரி, கணினியோட கடவுச்சொல் யாருக்கெல்லாம் தெரியும்?"

"மூணே பேருக்கு. எனக்கு, ஹுவெய்-ரூவுக்கு, எங்க மேஸ்திரி ஆ-குவாங்குக்கு. ஆனா நான் அந்தக் கணக்குக்குள்ள எல்லாம் போறதே இல்ல மேடம். அடியில இருக்கற சராசரியை மட்டும் பார்ப்பேன். அதுவும் மாசம் ஒரு தடவை."

அவரே மற்ற இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். மேஸ்திரி ஆ-குவாங் முதலில் வந்தான். முழங்கை வரை மரத்தூள், வாயில் பாக்கு, கண்ணில் திருட்டுக் களை. பார்த்தவுடனே எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. குற்றவாளியாக.

ஹுவெய்-ரூ கடைசியாக வந்தாள். நாற்பது வயது இருக்கும். மாலை கோயிலுக்குப் போக வேண்டியவள் என்பதால் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தாள். தன் தலையில் கல்லைப் போடும் இடத்துக்குக்கூடச் சுத்தமாகப் போக வேண்டும் என்று நினைக்கிற ஜாதி. எனக்குப் பாவமாக இருந்தது.

"நீங்க என்ன ஏத்தினீங்க?" என்று கேட்டார் அக்கா.

"எரிஞ்சதைத்தான் ஏத்தினேன் அக்கா. எல்லாம் குறைச்சலாத்தான் வந்துச்சு. பத்தாம் தேதியே முதலாளிகிட்டச் சொன்னேன்."

"எங்கிட்டயா? எப்போ? கனவுலயா?" என்றார் ஸாய். "அந்த முத்திரை யாருது? என்னுதா?"

"என்னுதுதான். ஆபீஸ் டிராயர்லதான் கிடக்கும். யார் வேணும்னாலும்..."

"பார்த்தீங்களா மேடம்? யார் மேலயாவது பழியைப் போடணும்!"

அக்கா கையை உயர்த்தினார். பிறகு, பள்ளிக்கூடத்தில் முடிவு வாசிக்கிற மாதிரி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பதிவேடு கற்பனைதான். அதைக் கண்டுபிடிச்சாச்சு. விநாடியோட கடைசி இலக்கத்தை எல்லாம் சராசரி பார்த்தோம். நாலரை வர வேண்டிய இடத்துல அதுக்கு மேல எங்கேயோ போயிடுச்சு. எழுதின ஆளுக்குப் பெரிய இலக்கத்து மேல ஆசை. கைப்பழக்கம் லேசுல மாறாது. அதனால மூணு பேரும் ஆளுக்கு ஒரு காகிதம் எடுங்க. அறுபது பத்தி எரிஞ்ச மாதிரி நினைச்சுக்கிட்டு, நிமிஷம், விநாடி மனசுக்கு வந்ததை எழுதுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருடனிடமே பூட்டின் ரகசியத்தைச் சொல்லிவிட்டாரே! இனி யார் பெரிய இலக்கம் எழுதுவார்கள்? அக்காவுக்கு வயதாகிவிட்டது என்று முடிவு செய்தேன்.

"நல்லா எழுதினா என்ன பரிசு?" என்றான் ஆ-குவாங்.

"வீட்டுக்குப் போகலாம்."

அவன் பாக்கை மென்றுகொண்டே சடசடவென்று எழுதி, ஐந்து நிமிடத்தில் நீட்டிவிட்டான். ஹுவெய்-ரூ பேனாவை வைத்துக்கொண்டு விழித்தாள்.

"பத்தி இல்லாம எப்படி அக்கா எழுதறது? இதுவரைக்கும் எழுதினதில்லையே."

"இன்னிக்கு ஒரு நாள் பொய் சொல்லுங்க. பாவம் என் கணக்குல."

முதலாளிதான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். எழுதினார், நிறுத்தினார், முகட்டைப் பார்த்தார், மறுபடியும் எழுதினார். அவர் கோப்பையில் டீ ஆறிப்போனது. இலக்கியம் படைப்பவர்கள்கூட இவ்வளவு கஷ்டப்பட்டு நான் பார்த்ததில்லை.

மூன்று காகிதங்களையும் நான் கூட்டினேன். ஹுவெய்-ரூ, நாலு புள்ளி ஆறு. நடுவில் அங்கங்கே ஏழு நாலுகள்.

"உங்களுக்கு நாலுன்னா பயம் இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நாலாவது மாடியில, நாற்பத்து நாலாம் நம்பர் வீட்டுல பதினோரு வருஷமா இருக்கோம். அந்த வீட்டுக்கு எங்களைத் தவிர யாரும் போட்டிக்கே வரலை. தினம் கதவுல அதைப் பார்த்துத்தானே உள்ள போறேன்? பழகிடுச்சு."

ஆ-குவாங்கின் காகிதம் ஐந்து புள்ளி ஐந்து. நாலே இல்லை. எட்டு வாரி இறைத்திருந்தான். ஏப்ரல் பதிவேட்டின் கூடப்பிறந்த தம்பி மாதிரி இருந்தது. நான் துள்ளி எழுந்தேன்.

"மாட்டினான்! அக்கா, இவன்தான்! கதவைச் சாத்துங்க!"

ஆ-குவாங் பாக்கை விழுங்கிவிட்டான். "என்ன தம்பி? நான் என்ன பண்ணேன்?"

"அஞ்சு புள்ளி அஞ்சு பண்ணே!"

"அப்படின்னா? அது தப்பா? முதலாளி, அது தப்பா?"

"எனக்கு அப்பவே தெரியும்," என்றார் ஸாய் போ-ஹாவ், வட்டப் புன்னகையோடு. "ரெண்டு பேரும் சேர்ந்துதான் பண்ணியிருக்காங்க."

"ஆ-தீ, உட்காரு," என்றார் அக்கா. "முதலாளியோட சராசரி என்ன?"

"அவருது சுத்தம்க்கா. மூணு புள்ளி மூணு. பெரிய இலக்கமே இல்ல."

"நாலரையில இருந்து எவ்வளவு தூரம்?"

"ஒண்ணு புள்ளி ரெண்டு."

"ஆ-குவாங்?"

"ஒண்ணு." சொல்லும்போதே எனக்கு நாக்கு குழறியது.

அக்கா டீயை ஒரு மிடறு குடித்தார். "நாலரைக்கு மேல போனா மட்டும்தான் குத்தம்னு நான் எப்பவாவது சொன்னேனா? என் சோதனைக்கு ரெண்டு வால் தம்பி. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. எல்லாருக்கும் மேல் வாலை மட்டும்தான் காட்டினேன். பெரிய இலக்கம் எழுதறவன் திருடன்னு அவ்வளவு சத்தமாச் சொல்லியும் ஆ-குவாங் பெரிய இலக்கமா எழுதித் தள்ளியிருக்காரு. ஏன்னா மறைக்கறதுக்கு அவர்கிட்ட ஒண்ணுமில்ல. ஊர்ல எல்லாரும் எழுதற மாதிரி எழுதிட்டுப் போயிட்டாரு. ஹுவெய்-ரூவும் தோணினதை எழுதினாங்க. ஒருத்தர் மட்டும் அந்த வாலுக்குப் பயந்து பின்னால பின்னால நகர்ந்து, இன்னொரு வாலை மிதிச்சிட்டாரு."

முற்றத்தில் யாரோ பத்திக் கட்டுகளைப் புரட்டிப் போடும் சத்தம் கேட்டது.

"என்ன மேடம் உளர்றீங்க?" முதலாளியின் வட்டம் கோணியது. "சின்ன இலக்கம் எழுதினா குத்தமா? இது ஒரு சாட்சியா?"

"இல்ல. சோதனை யாரையும் குத்தவாளின்னு சொல்லாது. நிரபராதின்னு நம்பறது கஷ்டமா இருக்குன்னு சொல்லும், அவ்வளவுதான். தற்செயலாக்கூட இருக்கலாம். ஆயிரத்துல ஒண்ணு, ரெண்டு தடவை நடக்கும்."

"அப்படிச் சொல்லுங்க!" அவர் காகிதத்தைப் பிடுங்கி எங்கள் முன்னால் ஆட்டினார். "நல்லாப் பாருங்க! ஏப்ரல் கணக்குல பக்கத்துக்குப் பக்கம் எட்டு. இதுல ஒரு எட்டு காட்டுங்க பார்ப்போம்! அதை எழுதின ஆளும் இதை எழுதின ஆளும் எப்படி ஒண்ணா இருக்க முடியும்?"

அக்கா தன் பையைத் திறந்தார். பதிவேட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"இது நேத்துல இருந்து எங்ககிட்டதான் இருக்கு. பெரிய இலக்கம்னு சொன்னேன். எட்டுன்னு நான் சொல்லவே இல்ல. நீங்க அடியில இருக்கற சராசரியை மட்டும்தானே பார்ப்பீங்க, முதலாளி?"

அந்த மாதிரி ஒரு முகத்தை நான் லாட்டரிக் கடையில் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு எண்ணில் முதல் பரிசு போனவர்கள் இப்படித்தான் சீட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஸாய் மெல்ல உட்கார்ந்தார்.

"மரத்தூளை மாத்தினேன்," என்றார். "கொஞ்சம்தான். சீக்கிரம் எரியுற தூள். அவ வந்து சொன்னா. திருவிழா நேரம், சரக்கு எல்லாம் போயாச்சு. ரெண்டு ராத்திரி உட்கார்ந்து மாத்தி அடிச்சேன்."

"அப்புறம் எதுக்கு எங்களைக் கூப்பிட்டீங்க?" என்று நான் கேட்டேன். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

"வெளியாள் காகிதம் வேணும்னு கமிட்டி கேட்டுச்சு. 'சராசரி யென்'னு சொன்னாங்க." அவர் அக்காவைக் குறையாகப் பார்த்தார். "சராசரியை மட்டும்தான் பார்ப்பீங்கன்னு நினைச்சேன்."

ஆ-குவாங் முதலில் சிரித்தான். பிறகு தன் மீது விழுந்த பழி நினைவுக்கு வந்து என்னை முறைத்தான். நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒரு பாக்கு நீட்டினான். வாங்கிக்கொண்டேன்.

மணி மூன்றரை. அக்கா ஒரு வெள்ளைத் தாளை முதலாளி பக்கம் தள்ளினார்.

"அஞ்சு மணிக்குக் கோயில்ல ஒருத்தர் வாசிச்சே ஆகணும். சாமி ஏற்கெனவே காத்துக்கிட்டிருக்காரு. யார் வாசிக்கறதுங்கறதுல மட்டும் ஒரு சின்ன மாற்றம். எழுதுங்க. என்ன எழுதணும்னு ஹுவெய்-ரூ சொல்லட்டும்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அழுவாள் அல்லது கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். பதினேழு வருடம் வேலை செய்த இடத்தில் தன்னைப் பொய்க்காரி என்று சொன்ன ஆள், எதிரே தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். நானாக இருந்தால் அந்த டீயை அவர் தலையில் கொட்டியிருப்பேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அளவு எழுதும் குரலில் சொல்ல ஆரம்பித்தாள்.

"ஏப்ரல் மாதம் ஆலையில் மரத்தூளை மாற்றியது நான். சோதித்தவர் சரியாகத்தான் சோதித்தார்."

அவர் எழுதினார். தங்கப் பேனா நன்றாகவே எழுதியது.

"அவர் பதிந்ததை அழித்து, அறுபது நிமிடம் என்று மாற்றி எழுதியதும் நான்."

எழுதினார்.

"உண்மையில் அந்தப் பத்திகள் எரிந்த சராசரி ஐம்பத்து நான்கு நிமிடம்."

பேனா 'ஐந்து' போட்டுவிட்டு நின்றது. அடுத்த இலக்கத்துக்குப் போகவில்லை. முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வாசல் பக்கம் பார்த்தார். சாமி முன்னால், ஊர் முன்னால், தன் கையெழுத்தில், தன் பெயருக்கு மேலே அந்த எண்.

"நீங்களும் கொளுத்திப் பார்த்திருப்பீங்களே, எவ்வளவு வந்துச்சு?" என்று என் பக்கம் திரும்பி ஈனஸ்வரத்தில் கேட்டார்.

"அதேதான்," என்றேன்.

"ஒரு நிமிஷம்தானே வித்தியாசம்?" அவர் குரல் கெஞ்சியது. "ஐம்பத்தஞ்சுன்னு போட்டுக்கட்டுமா?"

அக்கா வாயைத் திறந்தார். ஹுவெய்-ரூ முந்திக்கொண்டாள்.

"எரிஞ்சது ஐம்பத்து நாலு, முதலாளி," என்றாள். "நான் உட்கார்ந்து பார்த்தேன்."